ஜெபித்தாயிற்று, அடுத்து என்ன? ஆண்டவர் தரும் உதவியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்க ஆரம்பித்து 11 வருஷம் ஆகிறது. நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. எங்கள் போதகர் ஐயர் ஒருநாள் "நீங்க எடுங்க" என்றார், எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கிற முகங்கள்தான் வருஷா வருஷம் மாறுகின்றன, கேள்விகள் அநேகமாக அதேதான். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது பாதியில் விட்ட பதில்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

"ஆவிக்குரிய உதவி" என்று எதைச் சொல்கிறீர்கள்?

வேதம், ஜெபம், உள்ளே இருந்து உணர்த்துகிற பரிசுத்த ஆவியானவர், சபை, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து, அப்புறம் நம்மைப் பார்த்து "நீ செய்தது தப்பு" என்று சொல்லத் துணிகிற ஒன்றிரண்டு பேர். இவ்வளவுதான். இதில் புதுசாக ஒன்றுமில்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நாகமானும் சுளித்தான். சீரியா தேசத்துப் படைத்தலைவன், குஷ்டரோகி, குதிரையும் ரதமுமாக எலிசாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி வெளியே வந்து தன் தேவனைக் கூப்பிட்டு, கையை அசைத்துப் பெரிதாக ஏதாவது செய்வார் என்று மனதுக்குள் ஒரு படமே ஓட்டி வைத்திருந்தான். எலிசா வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொன்னார். எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் (2 இராஜாக்கள் 5). கடைசியில் அவனை ஆற்றில் இறங்க வைத்தது அவனுடைய வேலைக்காரர்கள்தான்: பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா, குளிக்கத்தானே சொல்கிறார் என்றார்கள். ஏழு தரம் முழுகியதும் சுகமானான், ஆனால் ஆறாவது தரம் முழுகி எழுந்தபோது தோல் எப்படி இருந்தது என்று வேதத்தில் இல்லை. எனக்கு அந்த ஆறாவது முழுக்கின்மேல்தான் எப்போதும் கண்.

இரட்சிப்பு கிருபையால்தானே? அப்புறம் நான் எதற்கு ஏதாவது செய்ய வேண்டும்?

கிருபையால்தான், அதில் சந்தேகமே இல்லை. எபேசியர் 2:8, 9 வசனங்களை ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் அடுத்த வசனத்தை, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே உண்டாக்கப்பட்டோம் என்கிற 10-ஐ, மனப்பாடத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போதும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. அந்த "ஏனென்றால்" முக்கியம். தேவன் செய்கிறார், அதனால் நீ சும்மா இரு என்று பவுல் எழுதவில்லை.

வகுப்பில் இதற்கு நான் எடுப்பது அப்போஸ்தலர் 27. பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, பல நாளாக யாரும் சாப்பிடவும் இல்லை. அந்த நிலைமையில் தேவதூதன் பவுலிடம் வந்து, உன்னோடு இருக்கிற ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று சொல்லிவிட்டான். வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்று, கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. நங்கூரம் போடப் போகிறோம் என்று சாக்கு சொல்லி மாலுமிகள் படகை இறக்கித் தப்பிக்கப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் பவுலே சொல்கிறார். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படகை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னாலும் ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிடுகிறார், 276 பேரும் சாப்பிடுகிறார்கள். கோதுமையைக் கடலில் தள்ளிப் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் கப்பல் தரைதட்டி உடைய, நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கிறார்கள், மற்றவர்கள் பலகையையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்கிறார்கள். யாரும் சாகவில்லை. வாக்குத்தத்தம் நிறைவேறியது எப்படி என்று கேட்டால் பலகையின்மேல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வரும்.

ஜெபித்துவிட்டுக் காத்திருக்கிறேன். எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்?

கஷ்டமான கேள்வி. யாத்திராகமம் 14-ல் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலருக்குச் செங்கடல் முன்னால், பார்வோன் பின்னால். மோசே ஜனங்களிடம், நின்றுகொண்டு கர்த்தர் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள் என்கிறார். அடுத்த வசனத்துக்கு அடுத்ததில் கர்த்தர் மோசேயிடம், என்னிடம் முறையிடுவது என்ன, ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். நிற்பதற்கும் நடப்பதற்கும் நடுவே அவ்வளவு சின்ன இடைவெளி. யோசுவா 3-ல் இன்னும் ஒரு படி மேலே: அறுப்புக் காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடுகிறது, உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் தண்ணீர் நிற்கிறது. கரையில் நின்று "முதலில் வற்றட்டும்" என்றிருந்தால் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள்.

என் அனுபவத்தில், காத்திருக்கிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குச் செய்ய வேண்டியது என்னவென்று நன்றாகத் தெரியும். அது பிடிக்காததால் வேறு பதில் வருமா என்று பார்க்கிறார்கள். நானும் அந்தப் பாதியில் இருந்திருக்கிறேன், கீழே வருகிறது. மீதிப் பாதிக்கு உண்மையாகவே வழி தெரியாது, அவர்களிடம் "விசுவாசத்தோடு குதி" என்று சொல்வது பாவம். தெரிந்த சின்னக் கடமையைச் செய்துகொண்டே இருங்கள், அது போதும்.

தினமும் வேதம் வாசிக்கிறேன், எதுவும் ஒட்டவில்லையே?

எத்தனை அதிகாரம்? மூன்று என்பார்கள், வருஷத்துக்குள் முடிக்கிற அட்டவணை வைத்திருப்பார்கள். அட்டவணை நல்லதுதான், எனக்கும் ஒன்று இருக்கிறது, அநேகமாக லேவியராகமத்தில் படுத்துவிடும்.

யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு கண்ணாடியைக் காட்டுகிறார். ஒருவன் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறான், போய்விடுகிறான், தன் சாயல் எப்படி இருந்தது என்பதை உடனே மறந்துவிடுகிறான். கேட்கிறவன் மாத்திரமாக இருந்து, செய்யாமல் போகிறவனுக்கு அதுதான் ஒப்புமை. காலையில் கண்ணாடி பார்த்துப் பல்லில் கீரை ஒட்டியிருப்பதைக் கண்டும் அப்படியே பஸ் ஏறிவிட்டால், கண்ணாடி மேல் என்ன குறை?

ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பகுதி. அதிலிருந்து இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள். "அன்பாக இருப்பேன்" என்றெல்லாம் எழுதக் கூடாது, அது யாருக்கும் புரியாது. "பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன்" என்று எழுதுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுதியது: "அம்மா போன் செய்தால் முதல் ரிங்கிலேயே எடுப்பேன்." மத்தேயு 5-ஐயும் 6-ஐயும் வாசித்துவிட்டு இதுதானா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவன் அம்மா என்னைத் தெருவில் நிறுத்தி, "பையனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க சார்" என்று கேட்டார்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருக்கிறது என்றால் 1995-ல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழசை விட்டுவிட வேண்டியதில்லை. பாட்டி சொன்ன வசனம் அந்தத் தமிழில்தானே காதில் இருக்கிறது.

நேற்று வாசித்தது இன்றைக்குப் போதாதா என்றும் கேட்பார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்கிற உணவைக் காலையில் பொறுக்க வேண்டும், தலைக்கு ஒரு ஓமர் அளவு, வெயில் ஏறினால் உருகிவிடும், மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்தவர்களுக்குப் புழு பிடித்தது. கூடாரத்துக்குள் யாருக்கும் வந்து விழவில்லை, குனிந்து பொறுக்கினார்கள்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை எப்படி எடுத்துக்கொள்வது?

கூடையில் கைவிட்டு எடுக்கிற அட்டையைக் கிண்டல் செய்ய மாட்டேன், எங்கள் வீட்டு பீரோ கதவில் எட்டு வருஷத்து அட்டைகள் ஒட்டியிருக்கின்றன. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும். எல்லாருக்கும் பிரியமான எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருகிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று கெடு போட்டிருக்கிறது. வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் மேலே போனால் செய்ய வேண்டியது இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அட்டை கிடைத்த ராத்திரியே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

மனசு உடைந்து கிடக்கிறேன், ஜெபிக்கவே வாய் வரவில்லை. இது விசுவாசக் குறைவா?

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய கையோடு, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலில் ஓடிப்போய் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டார். அப்போது வந்த தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார்! இரண்டாம் தரமும் தட்டி, நீ போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போனார் (1 இராஜாக்கள் 19). அவர் கேட்க வேண்டிய மெல்லிய சத்தம் அங்கேதான் வந்தது, செய்ய வேண்டிய வேலையும் அங்கேதான் கிடைத்தது.

அதனால் இந்த நிலையில் இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி சாப்பிட்டாயா, தூங்கினாயா. ஜெபம் வரவில்லை என்றால் யாராவது ஒருவரிடம் "எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், அதுவே உங்கள் ஜெபம். சாக வேண்டும் என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள், தனியாக இருக்காதீர்கள். உபவாச ஜெபம் போட்டால் சரியாகிவிடும் என்று இப்படிக் கிடப்பவரைப் பட்டினி போடுகிறவர்களிடம் அந்த அடையைக் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் போவது, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாதா?

ஆகாது. எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் சொல்லி, ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்த அதே இடத்தில், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. ஐடா ஸ்கடர் என்கிற இளம்பெண், திண்டிவனத்தில் மிஷனரி டாக்டரான அப்பாவின் வீட்டில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. அப்பா வருகிறார் என்றால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள், ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தியாவில் தங்கவே கூடாது என்றிருந்த பெண், அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அங்கிருந்து வந்ததுதான். அந்த ராத்திரி அவர் அழுது ஜெபித்ததோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. திருவிருந்து எடுக்கலாமா?

இதைக் கேட்பவர்களுக்கு மத்தேயு 5:23, 24 தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் கேட்கிறார்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு.

என் கதையைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பொதுக் கிணற்று மோட்டாரை வைத்துத் தகராறு. யாருக்கு எந்த நாள் தண்ணீர், கரண்டு பில் யார் கட்டுவது, இவ்வளவுதான் விஷயம். இரண்டு வருஷம் பேசவில்லை. ஒரே கோயிலில் அவர் அந்த வரிசையில், நான் இந்த வரிசையில். இரண்டு வருஷமும் நான் அவருக்காக ஜெபித்தேன், அதுவும் உருக்கமாக, ஆண்டவரே அண்ணன் மனதை மாற்றும் என்று. ஒரு சனிக்கிழமை, திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனையில் இந்த வசனம் வாசிக்கப்பட்டது. எத்தனையோ தரம் கேட்டதுதான். அன்றைக்கு ஏனோ "போய்" என்கிற சொல் மட்டும் காதில் நின்றது.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போனேன். அண்ணன் வெறும் உடம்போடு தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தார், மதினி என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாடே?" என்றார். இல்லை என்றேன். உண்மையில் சாப்பிட்டிருந்தேன். இன்னொரு தட்டு வந்தது.

மன்னிப்பு கேட்டேன், சாப்பிட்டு முடித்து, திண்ணையில் வைத்து. மோட்டார் பிரச்சினை அன்றைக்குத் தீரவில்லை, சொல்லப்போனால் கரண்டு பில்லில் இப்போதும் சின்ன உரசல் உண்டு. ஆனால் மறுநாள் திருவிருந்துக்கு ஒரே வரிசையில் போய் முழங்கால் போட்டோம்.

நீங்கள் போயும் எதிராளி கதவைத் திறக்கவில்லை என்றால்? கூடுமானால், உங்களால் ஆனமட்டும் என்றுதான் ரோமர் 12:18-ல் பவுல் எழுதுகிறார். உங்கள் பங்கு கதவு வரைக்கும். உங்களை அடித்துக் கொடுமைப்படுத்தியவர் என்றால் விஷயமே வேறு. மன்னிப்பதற்காக அந்த வீட்டுக்குள் மறுபடி போய் நிற்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஐயரிடமோ விவரம் தெரிந்த பெரியவரிடமோ பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எத்தனை தரம்தான் மன்னிப்பு கேட்பது?

கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் கூடவே வேறு ஒன்றும் செய்ய வேண்டும். கெத்செமனேயில் ஆண்டவர் சீஷர்களிடம் ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை, விழித்திருந்து ஜெபம் பண்ணுங்கள் என்றார். விழித்திருப்பது என்றால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுகிறோம் என்று கவனிப்பது. ராத்திரி 11 மணிக்கு மேல் போனில் என்றால் போன் ஹாலில் தூங்கட்டும், நீங்கள் அறையில் தூங்குங்கள். சம்பள நாளில் டாஸ்மாக் வழி என்றால் அன்றைக்கு வேறு தெரு. அசிங்கமாக இருந்தாலும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட உதவுகிறது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16-ல் இருக்கிறது. ஒருவரிடம் சொன்னால் போதும், சாட்சி நேரத்தில் மைக்கில் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்றால்?

மாறாமல் போவதும் உண்டு. பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை முள் என்கிறார், அது நீங்க மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்கிற பதில்தான் வந்தது. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். அதற்கப்புறம் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேதான். எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அவர் எழுந்து பழையபடி ஓடியாடவில்லை. அந்தக் கட்டிலில் இருந்தபடி புத்தகம் புத்தகமாக எழுதினார். இதைக் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி, "எனக்கு எழுத வராதே அண்ணா" என்றாள். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார்கள், இவள்தான் பார்த்துக்கொண்டாள். அவளிடம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் வகுப்பை அவர்கள் வீட்டில் வைத்தோம், பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ள, அவள் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

யூடியூபில் நல்ல பிரசங்கம் வருகிறது. சபைக்குப் போயே ஆக வேண்டுமா?

படுத்திருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. மற்றபடி, நீங்கள் மூன்று வாரம் காணவில்லை என்றால் யூடியூப் தேடி வராது.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

இதை வாசிக்கும்போதே ஏதோ ஒரு முகமோ ஒரு வேலையோ மனதில் வந்து போயிருக்கும். அதிலிருந்து. அப்படி எதுவும் வரவில்லை என்றால் இன்றைக்கு ராத்திரி யாக்கோபு முதல் அதிகாரம், 27 வசனம்தான். கடைசி வசனத்தில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் வருகிறார்கள், உங்கள் தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று வீட்டில் கேளுங்கள், அம்மாக்களுக்குத்தான் தெரியும்.